வெறுங்கை ஓர் ஆயுதமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டுக்கான 'அவுட் ஆஃப் தி அபிஸ்' என்ற சாகசக் கதை சிறைக்குள் தொடங்குகிறது. பூமிக்கடியில் வெல்கின்வெல்வ் என்றொரு காவல்முகாம். டிரௌ என்ற கருமேனி இனத்தாரின் பிடியில் எல்லாப் பாத்திரங்களும் கைதிகள். வாளும் கவசமும் மந்திரப் பொருள்களும் பறிக்கப்பட்டுவிட்டன. 2015இல் வெளிவந்த இந்தக் கதையை ஆட உட்கார்ந்தவர்கள், பாத்திரத் தாளில் ஆசையாக எழுதி வைத்த ஆயுதங்களை முதலிலேயே அடித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். மிச்சம் இரண்டு கைகள். அதிர்ஷ்டம் இருந்தால் தரையில் ஒரு கல்.

அந்தக் கைகளுக்கு என்ன மதிப்பு? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிப்படி வெறுங்கைக் குத்தின் சேதம் 1, அதோடு உடல்வலிமைக்கான மாடிஃபையர், அதாவது வலிமைக்கேற்பக் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய எண். வலிமை 16 உள்ள போர்வீரனுக்கு மாடிஃபையர் 3. ஆகவே அவன் குத்து 4 புள்ளி. மந்திரவாதிக்கு வலிமை பெரும்பாலும் 8தான் இருக்கும்; மாடிஃபையர் மைனஸ் 1. ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம். அதே விதிகளில் வீட்டுப் பூனைக்கு உயிர்ப்புள்ளி 2, அதன் நகக்கீறலுக்குச் சேதம் 1. அந்த மந்திரவாதி பூனையைப் பொழுது விடியும்வரை குத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பூனை இரண்டு கீறு கீறினால் அதுவும் கணக்கில் ஏறும். ஆனால் அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்துவிட்டால், அது 'கைக்குக் கிடைத்த ஆயுதம்' என்ற விதிக்குள் வந்துவிடும். நாலுமுகப் பகடை உருட்டலாம். கையில் ஒரு கல் ஏறியதும் பூஜ்யம் போய் எண் வந்துவிடுகிறது.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒவ்வொருவருக்கும் கதைக்குள் ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகத்தையும் எதிரிகளையும் அவர் நடத்துவார். "நான் கதவை உதைக்கிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்வார். முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை உருளும். எந்தப் பகடை, எத்தனை விழுந்தால் வெற்றி என்பதை விதிப்புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்லாததை டிஎம் சொல்வார். புத்தகம் சொல்லியும் தெளிவில்லாததையும் டிஎம்தான் சொல்ல வேண்டும். தகராறெல்லாம் இந்த மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. அதிலும் வாள், வில், ஈட்டி பற்றி வருவதைவிடக் குத்து, பிடி, தள்ளுமுள்ளு பற்றி வருகிற தகராறுதான் ஆட்டத்தை அதிகம் நிறுத்தி வைக்கிறது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் ஆட்டக்காரர்களின் வீம்பு அல்ல. இந்த விளையாட்டு பிறந்த விதத்திலேயே அது இருக்கிறது.

அட்டவணையில் இல்லாத முஷ்டி

1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற சிறு விதிநூலை வெளியிட்டார்கள். இடைக்காலப் போர்வீரர் பொம்மைகளை மேசைமேல் அணிவகுத்து ஆடுவதற்கான விதிகள். ஆளுக்கு ஆள் மோதுவதற்கு அதில் ஓர் அட்டவணை உண்டு. எந்த ஆயுதம், எதிராளியின் கவசம் என்ன என்று பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். இரண்டு பகடைகளில் அந்த எண்ணோ மேலோ விழுந்தால் எதிராளி காலி. குத்துவாள், கைக்கோடரி, வாள், ஈட்டி, இருகை வாள் என்று பட்டியல் போகிறது. முஷ்டி இல்லை. படைக்குப் போகிறவன் எதையாவது கையில் பிடித்துக்கொண்டுதானே போவான், அதனால் அதற்குத் தேவையும் எழவில்லை.

டேவ் ஆர்னெசன் தன் நண்பர்களை வைத்து நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்தில்தான் படை போய்த் தனி மனிதர் வந்தார். ஒரே பாத்திரம் வாரக்கணக்கில் வாழ்ந்து, காசு சேர்த்து, கோட்டைக்கடியில் இறங்கித் தேடியது. ஆர்னெசனும் கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். தனி மனிதர் என்றால் சாராயக்கடையில் சண்டை வரும். தூக்கத்தில் எதிரி வருவான். சிறையில் அடைபடுவார். படைக்கு எழுதிய விதிக்குள் இவை அடங்கவில்லை.

முதல் பதிப்பில் இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. எல்லா ஆயுதத்துக்கும் ஒரே சேதம்தான், ஓர் ஆறுமுகப் பகடை. குத்துவாளும் இருகை வாளும் சமம். அடுத்த ஆண்டே 'கிரேஹாக்' துணைநூல் வந்து ஆயுதங்களுக்குத் தரவரிசை போட்டது: குத்துவாளுக்கு நாலுமுகம், வாளுக்கு எட்டு, இருகை வாளுக்குப் பத்து. ஏணி என்று ஒன்று வந்ததும், அதன் அடிப்படிக்கும் கீழே என்ன என்ற கேள்வியும் வந்துவிட்டது.

அதே 1975இல் 'பிளாக்மூர்' பெயரிலேயே வந்த துணைநூல் மாங்க் என்ற பாத்திர வகையைக் கொண்டுவந்தது. துறவிமடத்தில் பயின்ற, வெறுங்கையால் கொல்லத் தெரிந்த வீரர். புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' 1973இல் வந்து உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'குங் ஃபூ' தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தின் ஆசை விளையாட்டுக்குள்ளும் வந்தது. இதன் விளைவாக ஒரே முஷ்டிக்கு இரண்டு சட்டம் பிறந்தது. மாங்கின் கை வாளுக்குச் சமம், மற்றவர்களின் கை ஒன்றுமில்லை. மனிதக் கை ஆயுதமா இல்லையா என்ற கேள்விக்கு 'ஆள் யார் என்பதைப் பொறுத்தது' என்று பதில் சொன்ன அந்த நாளிலிருந்து இன்றுவரை விதி எழுதுகிறவர்களுக்கு நிம்மதி இல்லை.

1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி நூல் வெறுங்கைச் சண்டையை மூன்றாகப் பிரித்தது: குத்துவது, மல்லுக்கட்டுவது, மேலே விழுந்து அமுக்குவது. வாளுக்கு ஓர் இருபது முகப் பகடை போதும் என்ற அதே நூல், இவற்றுக்கு மட்டும் நூற்றுக்கு இத்தனை என்ற விழுக்காட்டுக் கணக்கைக் கொண்டுவந்தது. கூட்டல் கழித்தல் முடிவதற்குள் சண்டையின் சூடு ஆறிவிடும். பல மேசைகள் அந்தப் பக்கங்களைத் தொடாமலே ஆடின. 1989இன் இரண்டாம் பதிப்பு வேறு வழி பார்த்தது. தாக்குதலுக்கு உருட்டிய எண்ணையே வைத்து, அது எந்த வகைக் குத்து என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். சேதம் மிகக் குறைவு, எதிரி மயங்கி விழ நூற்றுக்குச் சில வாய்ப்பு. சொல்லிக் கேட்க நன்றாக இருக்கும், சண்டையில் ஒன்றும் நடக்காது.

கைகாக்ஸ் போன்ற கூர்மையான ஆள் இதில் தடுமாறியதற்குக் காரணம் உண்டு. வாள் என்ன செய்கிறது? எதிரியின் உயிர்ப்புள்ளியிலிருந்து ஓர் எண்ணைக் கழிக்கிறது. இருபத்தொன்பதில் ஏழு போனால் இருபத்திரண்டு. கை செய்வது அதுவல்ல. கை பிடிக்கிறது, இழுக்கிறது, கீழே தள்ளுகிறது, வாயைப் பொத்துகிறது. அங்கே எண் குறைவதில்லை, ஆளின் நிலை மாறுகிறது. எண்ணைக் கழிப்பதற்கென்று கட்டிய இயந்திரத்துக்குள் நிலைமாற்றத்தைச் செருகப் பார்த்ததால்தான் ஒவ்வொரு பதிப்பும் இந்த இடத்தில் திக்குகிறது.

ஒரே ஓக்ர், மூன்று கணக்கு

சொன்னால் போதாது, போட்டுப் பார்த்துவிடலாம். மூன்றாம் நிலைப் போர்வீரன் ஒருவன். வலிமை 16; கவச எண், அதாவது அவனை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், 17. எதிரே ஓக்ர் என்ற ஓர் அரக்கன்: 9 அடிக்கு மேல் உயரம், 600 பவுண்டுக்கு மேல் எடை, கையில் பெரிய கதாயுதம். வீரன் வாளைத் தொலைத்துவிட்டான். பாய்ந்து ஓக்ரைப் பிடிக்கப் பார்க்கிறான். மல்யுத்தத்தில் தனிப்பயிற்சி ஏதும் அவனுக்கு இல்லை. ஏற்கெனவே பக்கத்தில்தான் நிற்கிறான்.

2003இன் மூன்றரைப் பதிப்பில், அவன் கையை நீட்டியதுமே ஓக்ருக்கு ஓர் இலவச அடி கிடைக்கும். ஓக்ரின் தாக்கு +8; இருபது முகப் பகடையில் 9 விழுந்தாலே கதாயுதம் இறங்கும். நூற்றுக்கு 60 வாய்ப்பு. அடி பட்டுச் சேதம் ஆனால் பிடி முயற்சி அங்கேயே முடிந்தது. தப்பினால், முதலில் ஓக்ரைத் தொட வேண்டும். அது எளிது, நூற்றுக்கு 95. பிறகுதான் உண்மையான மல்லுக்கட்டு. இருவரும் பகடை உருட்டுவார்கள். வீரன் +6 சேர்ப்பான். ஓக்ர் +12 சேர்க்கும். பெரிய உருவத்துக்கு மட்டுமே அதில் 4. வீரன் ஜெயிக்க நூற்றுக்கு 23 கூட இல்லை. மூன்றையும் பெருக்கினால் நூற்றுக்கு 9க்கும் குறைவு. அப்படியும் பிடித்துவிட்டால், பிடியில் வைத்திருக்க ஓக்ர் நிற்கும் கட்டத்துக்குள் நகர வேண்டும். அதற்காகப் பக்கத்தில் நிற்கும் மற்ற எதிரிகள் ஓர் அடி அடித்துக்கொள்ளலாம்.

2014இன் ஐந்தாம் பதிப்பில் இத்தனை படிகள் இல்லை. இலவச அடி கிடையாது. வீரன் உடற்பயிற்சித் திறனை உருட்டுவான், அதில் தேர்ச்சி இருந்தால் +5. ஓக்ர் வலிமையை உருட்டும், +4. வீரன் எண் கூடுதலாக இருந்தால் பிடி விழுந்தது. வாய்ப்பு நூற்றுக்கு 52.5.

2024இன் திருத்தப் பதிப்பில் வீரன் உருட்டுவதே இல்லை. அவனுடைய தேர்ச்சியையும் வலிமையையும் எட்டோடு கூட்டி 13 என்று ஓர் இலக்கு. ஓக்ர் உருட்டி +4 சேர்த்து அதைத் தொட்டால் தப்பித்தது. வீரனின் வெற்றி நூற்றுக்கு 40.

அதே ஆள், அதே ஓக்ர். ஒன்பது, ஐம்பத்திரண்டரை, நாற்பது. எது சரி என்று கேட்டால், உடலின் நியாயப்படி முதல் கணக்குத்தான் உண்மைக்குப் பக்கம். 600 பவுண்டு உருவத்தைக் கட்டிப்பிடித்து நிறுத்துவது லேசில் நடக்கிற காரியமா? ஆனால் அந்த விதி இருந்த காலத்தில் யாரும் ஓக்ரைப் பிடிக்கப் போகவில்லை. நாலு படி ஏறி, அடி வாங்கி, நூற்றில் ஒன்பது வாய்ப்புக்கு யார் போவார்கள்? ஆளை முயலவே விடாத விதி எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்? எனக்கு 2014இன் கணக்குத்தான் பிடித்திருக்கிறது. எண் பெரிதாக இருப்பதற்காக அல்ல. இருவரும் ஒரே நேரத்தில் பகடையை உருட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற அந்த நொடியில் மல்லுக்கட்டு மேசைமேலேயே நடக்கிறது. 2024இல் விதி வேகமானது, நேர்த்தியானது. ஆனால் பாய்ந்து பிடித்தவர் கையைக் கட்டிக்கொண்டு, டிஎம் உருட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. பிடிக்கிறவர் கையில்தான் பகடை இருக்க வேண்டும்.

'ஆயுதத் தாக்குதல்' என்றால் என்ன?

எண் போதும். சொல்லுக்கு வருவோம், ஏனென்றால் பெரிய சண்டைகள் சொல்லில்தான் நடந்தன.

2014இன் விதிநூல் எல்லாத் தாக்குதலையும் இரண்டு பெட்டியில் போட்டது: ஆயுதத் தாக்குதல், மந்திரத் தாக்குதல். குத்து மந்திரம் அல்ல. ஆகவே அது ஆயுதப் பெட்டிக்குள் போயிற்று. முதல் அச்சில் ஆயுத அட்டவணையிலேயே வெறுங்கைக் குத்துக்கு ஒரு வரி இருந்தது. 2015இல் வந்த திருத்தம் அந்த வரியை எடுத்துவிட்டு, வெறுங்கை ஆயுதமாகாது என்று தெளிவுபடுத்தியது. ஆனால் குத்துவது கைகலப்பு 'ஆயுதத் தாக்குதல்'தான். ஆயுதத் தாக்குதல் வேறு, ஆயுதத்தால் தாக்குதல் வேறு என்றாகிவிட்டது. எதிரியைத் திகைக்க வைக்கும் மாங்கின் அடிக்கு ஆயுதத் தாக்குதல் போதும் என்று விதி, ஆகவே குத்தினாலும் செல்லும். 'மேஜிக் வெப்பன்' மந்திரத்தை ஓர் ஆயுதத்தின் மேல்தான் ஏவ முடியும், ஆகவே முஷ்டிமேல் ஏவ முடியாது.

இது மேசையில் எப்படி வெடிக்கும் என்று சொல்கிறேன். பாலடின் என்பவர் தெய்வ நம்பிக்கையால் போரிடும் வீரர். அடி பட்ட கணத்தில் தெய்வ ஒளியைச் சேதமாகச் சேர்க்கும் 'டிவைன் ஸ்மைட்' அவருடைய பெரிய வலிமை. வாளைத் தொலைத்த பாலடின், பிணந்தின்னிப் பேயின் தாடையில் ஓங்கிக் குத்துகிறார். பகடையில் 18.

"அக்கா, ஸ்மைட் வராது. அது ஆயுதத்துக்குத்தான்" என்பான் டிஎம்மாக இருக்கிற தம்பி.

"என்னடா சொல்ற? வெப்பன் அட்டாக்னுதான் போட்டிருக்கு. குத்தும் வெப்பன் அட்டாக்தானே?"

"அட்டாக் அதேதான். ஆனா கீழ பாருங்க, ஆயுதத்தோட சேதத்தோட இதையும் சேர்னு இருக்கு. கை ஆயுதம் இல்லையே."

இருவரும் சரி. புத்தகத்தின் ஒரு வரி அக்காவின் பக்கம், அடுத்த வரி தம்பியின் பக்கம். இந்தக் கேள்வி தலைமை விதி வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்டிடம் போயிற்று. 1979இல் டிராகன் இதழில் தொடங்கிய 'சேஜ் அட்வைஸ்' என்ற கேள்வி-பதில் மரபின் பொறுப்பு அப்போது அவரிடம் இருந்தது. அதன் தொகுப்பில் உள்ள பதில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. வெறுங்கைக்கு ஸ்மைட் செல்லாது, காரணம் தம்பி சொன்னதேதான். ஆனால் பதில் அங்கே நிற்கவில்லை. டிஎம் இதை மாற்றி அனுமதித்தால் ஆட்டத்தின் சமநிலை கெடாது என்றும் சொல்கிறது. பாலடின் என்றாலே ஆயுதம் ஏந்திய வீரர் என்ற மரபுக்காகத்தான் அப்படி எழுதினோம், வேறு கணக்கு எதுவும் அதில் இல்லை என்று காரணத்தையும் வெளிப்படையாக வைக்கிறது.

விதி வேறு, விதியின் காரணம் வேறு. காரணம் தெரியாத விதியைக் கையில் கொடுத்தால் மேசையில் இருப்பவர்கள் எழுத்தைத்தான் பிடித்துத் தொங்க முடியும். அப்படித் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றரைப் பதிப்பின் மாங்கே சாட்சி. வெறுங்கைக் குத்து அதில் 'எளிய ஆயுதங்கள்' பட்டியலில் இருக்கிறது. மாங்குக்கு எளிய ஆயுதங்கள் எல்லாவற்றிலும் பயிற்சி கிடையாது. கிளப், குத்துவாள், நுஞ்சாக்கு, கவண் என்று குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும்தான். அந்தப் பட்டியலில் வெறுங்கைக் குத்து இல்லை. எழுத்துப்படி படித்தால், வாழ்நாள் முழுக்க முஷ்டியைப் பயின்றவருக்கு அந்த முஷ்டியில் பயிற்சியில்லை, ஒவ்வொரு குத்துக்கும் 4 கழிக்க வேண்டும். இப்படி ஆடியவர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் அந்த வாசிப்பில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எழுத்து சரியாக இருந்தும் வாசிப்பு தவறாகப் போகலாம்.

தொல்காப்பியத்தின் ஒரே நூற்பாவுக்குச் சேனாவரையர் ஒன்று சொல்ல, நச்சினார்க்கினியர் மறுத்து வேறொன்று சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே உரை எதற்கு நிற்கிறதோ, இங்கே டிஎம்மின் தீர்ப்பும் அதற்கே நிற்கிறது. வேறுபாடு ஒன்றே: டிஎம்முக்கு அரை நிமிடம்தான் அவகாசம், சுற்றிலும் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

கிராஃபோர்டே 2015இல் விதியைப் படிக்க மூன்று வழி சொன்னார்: எழுதியபடி, எழுதியவர் எண்ணியபடி, மேசையின் மகிழ்ச்சிப்படி. மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு "ஜாலியா இருந்தா சரிதான்" என்று விடுகிற டிஎம்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாங்காக ஆடுகிறவர், வாளும் கனத்த கவசமும் வேண்டாம் என்று விட்டுத்தான் அந்தக் கையை வாங்கியிருக்கிறார். பாலடினின் குத்தையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு உயர்த்திவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாங்குக்கு என்ன மிச்சம்? வாள் தொலைந்த ஓர் இரவுக்கு அனுமதிப்பது வேறு, எப்போதைக்குமான சட்டமாக்குவது வேறு. 2024இன் பதிப்பு ஸ்மைட்டை மந்திரமாக மாற்றி, ஆயுதத்தாலோ வெறுங்கையாலோ அடித்த பிறகு ஏவலாம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. பத்தாண்டு வழக்கு அக்காவின் பக்கம் முடிந்தது. அதே பதிப்பு மாங்கின் தொடக்கப் பகடையை நாலுமுகத்திலிருந்து ஆறுமுகத்துக்கு உயர்த்தியது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

மற்ற மேசைகள்

இந்தச் சிக்கல் எல்லா விளையாட்டுக்கும் இருக்க வேண்டியதில்லை. 1978இன் 'ரூன்குவெஸ்ட்' நூலை எழுதிய ஸ்டீவ் பெர்ரின், கவசம் பூட்டி பிரம்பு வாளால் நிஜமாகவே மோதிக்கொள்ளும் இடைக்கால மீட்டெடுப்புக் குழுவில் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர். அதனால் அந்த ஆட்டத்தில் அடி தலையில் பட்டதா காலில் பட்டதா என்பதே முக்கியம். 2002இன் 'தி ரிடில் ஆஃப் ஸ்டீல்' பழைய ஐரோப்பிய வாள்கலையைப் பயின்ற ஜேக் நார்வுட் எழுதியது. கையிலுள்ள பகடைகளை எத்தனை தாக்க, எத்தனை தடுக்க என்று ஒவ்வொரு மோதலிலும் பிரித்துக்கொள்ள வேண்டும். 'கால் ஆஃப் கதுலு' பழைய பதிப்புகளில் குத்து, உதை, தலைமுட்டு, பிடி என்று தனித்தனித் திறன்களாக வைத்திருந்து, ஏழாம் பதிப்பில் எல்லாவற்றையும் 'அடிதடி' என்ற ஒரே திறனில் அடக்கியது. நூலகரும் பேராசிரியரும் துப்பறியும் கதைக்கு அது போதும்.

எனக்கு நெருக்கமான விடை 2012இன் 'டன்ஜன் வேர்ல்ட்' தந்தது. அங்கே சேதம் ஆயுதத்துக்கு அல்ல, ஆளுக்கு. போர்வீரருக்குப் பத்துமுகம், மந்திரவாதிக்கு நாலுமுகம், கையில் என்ன இருந்தாலும் சரி. ஆனால் முதலில் கதை ஒத்துக்கொள்ள வேண்டும். டிராகனின் செதிலில் வெறுங்கையால் குத்துகிறேன் என்றால் பகடையே உருளாது. அந்தக் குத்தால் டிராகனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கை ஆயுதமா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. இந்தக் கை, இந்த எதிரியை, இந்த நொடியில் என்ன செய்ய முடியும் என்றுதான் கேட்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறவரும் இதே கேள்வியைக் கேட்கலாம், விதியைத் தூக்கி எறியாமலே. ஓர் எடுத்துக்காட்டு. எதிரி மந்திரவாதியைப் பின்னாலிருந்து பிடித்த வீரன், "வாயைப் பொத்துகிறேன், மந்திரம் சொல்ல முடியாது" என்கிறான். 2014இன் விதிப்படி பிடிபட்டவரால் நகர முடியாது, அவ்வளவுதான். மந்திரம் சொல்லத் தடையில்லை. வாயைப் பொத்துவது பற்றிப் பிடி விதியில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பல மந்திரங்களுக்குக் குரல் வேண்டும் என்று வேறொரு பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. குரல் வேண்டிய மந்திரங்களை அடைப்பதற்கு 'சைலன்ஸ்' என்று தனி மந்திரமே உண்டு, அதற்கு இரண்டாம் நிலை மந்திரசக்தி செலவாகும். அதைச் செலவழித்துக் கற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வெறுங்கைக்கு அதே பலனை இலவசமாகக் கொடுத்தால் அவருக்கு அநியாயம். கொடுக்கவே மாட்டேன் என்றால் கண்முன் நடக்கிற காட்சிக்கு அநியாயம்.

என் தீர்ப்பு: ஏற்கெனவே பிடி விழுந்திருக்க வேண்டும். அடுத்த சுற்றில் இன்னொரு முறை மல்லுக்கட்டி ஜெயித்தால் வாய் அடைபடும், வீரனின் அடுத்த முறை வரும்வரை மட்டும். இரண்டு கையும் அதற்கே போய்விடும், வாள் பிடிக்க முடியாது. பகடை உருள்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். 18 விழுந்த பிறகு சொன்னால் எவ்வளவு நியாயமான தீர்ப்பும் வஞ்சகமாகத்தான் படும். காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சைலன்ஸ் மந்திரம் வைத்திருப்பவருக்காக இந்தக் கட்டுப்பாடு, காட்சிக்காக இந்த அனுமதி. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை வாதம் முதலிலிருந்து தொடங்காது. கூடவே மேசையைப் பார்த்து இன்னொன்றும் கேட்பேன். இந்த விதி இன்று நமக்கு உதவுகிறது. அடுத்த வாரம் ஓர் ஓக்ர் இருட்டிலிருந்து கையை நீட்டி நம் மந்திரவாதியின் வாயைப் பொத்தும். 19 வலிமை, இரண்டு பெரிய கை. அதற்கும் சம்மதமா?